அழுத்தித் தேய்த்த புலி

ஒரு காட்டில், பல்லைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருந்த ஒரு புலி வாழ்ந்து வந்தது. பெயர் உக்கிரசேனன். அடிபிடித்த பாத்திரத்தைத் துலக்குவதுபோல், கம்பி நாரால் தினமும் அரை மணி நேரம் பல் தேய்க்கும். ஈறு தேய்ந்து, பற்கள் ஒவ்வொன்றாக விழுந்து, மிச்சம் இருந்தவை நாலே நாலு கோரைப்பற்கள். அவையும் ஆடிக்கொண்டிருந்தன. மூன்று மாதமாகக் கேழ்வரகுக் கூழ்தான் சாப்பாடு. காட்டில் அப்படி ஒரு நிம்மதி.

இந்த நேரம் பார்த்து இலவசப் பல் மருத்துவ முகாம் வந்து சேர்ந்தது. டாக்டர் ஒரு மரங்கொத்தி. நல்ல கெட்டிக்கார டாக்டர். யாராவது தப்பாகப் பல் தேய்த்தால் அதற்குப் பூச்சி தொண்டையில் இறங்காது.

புலிக்கு டோக்கன் பதினேழு. பின்னாலேயே பதினெட்டாம் டோக்கனோடு செவந்தி என்கிற புள்ளிமான் நின்றது. வரிசையை விட்டால் அடுத்த முகாமுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. புலி விண்ணப்பம் நிரப்புவதை மெல்ல எட்டிப் பார்த்தது. 'உணவுப் பழக்கம்' என்ற இடத்தில் புலி எழுதியிருந்தது: 'தற்போது கூழ். பல் சரியானதும் மான்.'

செவந்தி அதை இரண்டு முறை படித்தது. டாக்டரோ விண்ணப்பத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆடுற பல்லு நாலும் பிடிச்சுக்கும், கவலைப்படாதீங்க" என்றது மரங்கொத்தி. "மெத்துனு இருக்கிற பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட். ஈறு ஓரமா சாய்ச்சுப் பிடிச்சு, சின்னச் சின்ன வட்டமா ரெண்டு நிமிஷம் தேய்ங்க. அழுத்தவே கூடாது."

புலி பிரஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இவ்வளவுதானா?"

செவந்தி தொண்டையைச் செருமியது. "டாக்டரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், ராஜா. முயலுக்கும் இதே பிரஷ்தான் கொடுத்தாங்க."

"முயலுக்கா?"

"பூனைக்கும்."

புலியின் மீசை துடித்தது. "அப்போ புலி எப்படித் தேய்க்கணும்?"

"எனக்கென்ன தெரியும், ராஜா" என்றது மேல்வரிசையில் முன்பல்லே இல்லாத செவந்தி. "உங்க அப்பா தேய்ச்சா மூணு மலை தாண்டிக் கேட்கும்னு சொல்வாங்க."

அவ்வளவுதான். பிரஷைத் தூக்கி எறிந்துவிட்டு, பையிலிருந்து கம்பி நாரை எடுத்தது புலி. டாக்டர் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள் நாலே இழுப்பு. நாலு பல்லும் டங் டங்கென்று தட்டில் விழுந்தன.

"சத்தம் கேட்டுச்சா?" என்றது புலி, பொக்கை வாயெல்லாம் பெருமையாக.

"மூணு மலைக்கும் கேட்டிருக்கும், ராஜா."

பிறகு செவந்தி தன் முறைக்குப் போய் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டது. இன்றைக்கும் தன் கீழ்வரிசை முன்பல் எட்டையும் சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல், இரண்டு நிமிடம் தேய்க்கிறது. அப்புறம் மேயப் போகிற வழியில், கூழ் ஆறிவிட்டதா என்று புலியை அன்போடு விசாரித்துவிட்டுப் போகிறது.

நீதி: பல்லை மென்மையாகத்தான் தேய்க்க வேண்டும். ஆனால் அதை அடுத்தவருக்குச் சொல்லுமுன், பல் சரியானதும் அவர் யாரைக் கடிப்பதாக இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.