டெஸ்ட் மாமா எழுதிய ஒரே டெஸ்ட்

பிரம்மா நம் தலையில் எழுதி அனுப்பியதில் விட்டுப்போன விவரங்களை மைசூரில் பூர்த்தி செய்துகொண்டிருந்தவர் எங்கள் டெஸ்ட் மாமா. யார் டாக்டராகலாம், யார் மளிகைக் கடை வைத்தால் பிழைக்கலாம், யார் எதற்குமே லாயக்கில்லை என்பதை ஒரு மத்தியானத்தில் சொல்லிவிடுவார். கூலி, ஒரு டம்ளர் காபி. சர்க்கரை தூக்கலாக.

ராஜ்யத்துக்கு கர்நாடகா என்று பேர் வைத்த புதிது. ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. டெஸ்ட் மாமா ஒரு கல்லூரியின் மனோதத்துவ லேபில் இருந்து ரிட்டயர் ஆனவர். கழித்துப் போட்ட அமெரிக்க டெஸ்ட் பெட்டி ஒன்றைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தார். கேள்வித்தாள், மரக்கட்டைகள், மை கொட்டின மாதிரிப் படம் போட்ட அட்டைகள், ஒரு ஸ்டாப் வாட்ச். நடுவீட்டில் பாய் விரித்துப் பெட்டியைத் திறந்தால், அடுப்படியில் தாளிக்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

கேள்விகளும் அமெரிக்காதான். "லீவு நாளில் கரடி வேட்டைக்குப் போவீரா, சர்ச்சில் பியானோ வாசிப்பீரா?" என் அப்பா சம்பத்து, ரயில்வே கணக்குக் குமாஸ்தா, நெடுநேரம் யோசித்தார்.

"சார், நான் லீவுல மார்க்கெட்டுக்குப் போயி பீன்ஸ் வாங்குவேன்."

"அதெல்லாம் இல்ல சம்பத்து. கரடியா, பியானோவா?"

"பேரம் பேசணும்னா கரடி போட்டுக்கோங்க."

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் தசரா என்றால் சைக்கிளுக்கும் பூசணிக்காய் உடைக்கிற ஜனங்கள். மாமா பெட்டியைத் துடைத்து, கட்டைகளுக்குச் சந்தனம் வைத்து, மை அட்டை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார். அடேயப்பா! அதன்பின் அட்டையைப் பார்த்தவர்களெல்லாம் "சாமுண்டி அம்மன்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். 'பக்தி மிக அதிகம்' என்று ரிசல்ட் வந்து, அந்த வருஷம் டெஸ்ட் எழுதிய பாதிப் பேருக்குக் கோயில் இலாகா வேலைதான் பொருத்தம் என்று சொல்லிவிட்டார். அதில் ஒருவர் கசாப்புக் கடைக்காரர்.

ஆனால் பொய் எழுதினால் மட்டும் மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 'எனக்குக் கோபமே வராது' என்று எழுதிய பையனிடம் பேப்பரைத் திருப்பிக் கொடுத்து, "புத்தரே, எழுந்து வீட்டுக்குப் போங்க" என்றார்.

இந்த மனுஷரிடம்தான் என் தலையெழுத்தும் மாட்டியது. எனக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் கைநழுவிப் போகும். எனக்கோ டீச்சர் வேலை என்றால் உயிர். அப்பாவோ, "மாமா டெஸ்ட்ல என்ன வருதோ அதான்" என்றுவிட்டார்.

எழுதினேன். உண்மையாகவே எழுதினேன், அதுதான் வினை. என் கோபம் குவார்ட்டர்ஸ் பூராவும் பிரசித்தம். மாமா கூட்டிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொறுமை சுத்தமா இல்ல சம்பத்து. ஜனங்களோட பழகற வேலை ஆகாது. பூச்சி ஆராய்ச்சி பண்ணலாம்."

"பூச்சியா?" என்று கத்தினேன்.

"பாத்தீங்களா?" என்றார் மாமா.

அப்பா எழுந்தார். "அப்ப டிரெயினிங் வேண்டாம் கோமளா. டெஸ்ட்ட மீறி எதுக்கு?" எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அப்படி நான் அழுது யாரும் பார்த்ததில்லை.

மாமா காபியைத் தொடவில்லை. என்னைப் பார்த்து, "ஏம்மா, அந்த வாட்ச்ச எடு. எனக்கு டெஸ்ட் வை" என்றார்.

"உங்களுக்கா?"

"நான் எழுதினதே இல்லம்மா. ஸ்வல்ப, கொஞ்சம்தான், பாக்கலாமே."

பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குனிந்து, பரீட்சைப் பையன் மாதிரி கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். திருத்தியது நான். மார்க்கைக் கூட்டியதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. என்னைவிடக் குறைவு. அப்பா வாங்கி இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.

"சார்... உங்களுக்கும் ஜனங்களோட பழகற வேலை ஆகாதுன்னு வருதே?"

"ஆமா. இத்தன வருஷமா அந்த வேலையத்தானே பண்றேன்? நல்லாத்தானே பண்றேன்?"

"ரொம்ப நல்லா பண்றீங்க சார்."

"அப்ப டெஸ்ட்டும் தப்பு பண்ணும் சம்பத்து. குழந்தைய அனுப்புங்க."

அப்பா மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். கணக்குக் குமாஸ்தா அல்லவா? டெஸ்ட் சரி என்றால் மாமா லாயக்கில்லை. மாமா லாயக்கு என்றால் டெஸ்ட் சரியில்லை. எப்படிக் கூட்டினாலும் நான் பூச்சியிடம் போகத் தேவையில்லை. "திங்கட்கிழமை எத்தன மணிக்குப் போகணும்?" என்றார் கடைசியில். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்துவிட்டாள்.

வாசல்வரை மாமாவோடு போனேன். பேப்பர் என் கையிலேயே இருந்தது. 'வீட்டுக்கு ஆட்கள் வந்தால் எரிச்சல் வருமா?' ஆமாம். 'பிறர் கஷ்டம் உங்களைப் பாதிக்குமா?' இல்லை. 'குழந்தைகள் பிடிக்குமா?' இல்லவே இல்லை. தெருவில் எந்தக் குழந்தை விழுந்தாலும் முதலில் ஓடுகிற ஆள் எழுதிய பதில்கள்!

"மாமா, இதெல்லாம் பச்சைப் பொய்."

"ஷ்! அப்பா காதுல விழப்போகுது."

டெஸ்ட்டும் தப்பு பண்ணும் என்கிற விஷயம் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவி, அதன்பின் யாரும் அவரிடம் டெஸ்ட் எழுதவில்லை. அப்படித்தான் ஆகும் என்று தெரிந்துதான் எழுதினார். காபிக்கு மட்டும் தினமும் வந்தார், பெட்டி இல்லாமல், அதே சிரிப்போடு.

டீச்சராகி எத்தனையோ பேப்பர் திருத்திவிட்டேன். ஒரு பதில்கூடச் சரியில்லாமல், முழு மார்க்கும் போடத் தோன்றியது அந்த ஒரு பேப்பருக்குத்தான்.