ஹெட்போனைத் திருப்பி அனுப்புகிறேன்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சிவானிக்கு அப்பா சிவபாதசுந்தரம் எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒருவன், சுகம். அங்கே நீங்கள் மூவரும் சுகமோ என்று வழக்கம்போலக் கேட்கத் தேவையில்லை. நீ அனுப்பிய ஹெட்போனின் தயவால் உங்கள் சுகமெல்லாம் எனக்குத் துல்லியமாகக் கேட்கிறது. அதைப்பற்றித்தான் இந்தக் கடிதம். மேல்மாடிப் பேர்னாட் தன் மகனைப் பார்க்க மெல்பேணுக்கு வருகிறார். அவர் கையில் இதையும் ஹெட்போனையும் கொடுத்துவிடுகிறேன். கோபிக்கக் கூடாது.

சாமானில் பிழை சொல்ல மாட்டேன். வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. மண்ணிறத் தோல், வெள்ளிக் கம்பி, கல்யாண மோதிரம் வாங்கினால்கூட இப்படி ஒரு பெட்டியில் போட்டுத் தர மாட்டார்கள். இவ்வளவு விலையான சாமானைச் சும்மா எடுத்து மாட்டலாமோ? கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம், இது மருமகன் பிரசாந் முதல்முதல் வாங்கிய காரைவிட நன்றாக இருக்கிறது என்று பிள்ளையாரிடம் கொண்டுபோனேன். ஐயர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு எலுமிச்சம்பழம் எங்கை வைக்கிறது, காருக்குப்போலச் சில்லு இல்லையே?" என்றார். நியாயமான கேள்வி. கடைசியில் உன் உத்தரட்டாதிக்கு அர்ச்சனை செய்து, இரண்டு காது மெத்தையிலும் சந்தனமும் குங்குமமும் அப்பித் தந்தார். நான் பக்தியோடு அப்படியே மாட்டிக்கொண்டு பஸ்ஸும் சனமும் நெரிகிற காலி வீதியால் நடந்து வந்தேன். கீழ்வீட்டு ஜவாஹிறா கண்டுவிட்டு, "அல்லாவே! அங்கிள், காதுல ரத்தம்!" என்று கத்தி ஓட்டோவை மறித்துவிட்டாள். ஓட்டோக்காரன் மீற்றரையும் போட்டுவிட்டான். ஏறாமல் தப்பியதே பெரிய காரியம்.

சொகுசுக்கும் குறைவில்லை. யாரோ இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்திருப்பதுபோல இருக்கும். உன் அம்மா போனபிறகு என் முகத்தில் ஒருத்தரும் கை வைத்ததில்லை. அதனால் பாட்டு முடிந்த பிறகும் கழற்ற மனமில்லாமல் இருந்துவிடுவேன். ஆனால் அந்தச் சத்தம் அடக்கும் பொத்தான் இருக்கிறதே, அது பெரிய அநியாயம். அமத்தினால் ரயில் இல்லை, கடல் இல்லை, பஸ் இல்லை, பாண் விற்க வருகிறவனின் ஓட்டோப் பாட்டும் இல்லை. நாதஸ்வரம் மட்டும் தனியாக நிற்கிறது. ஒருநாள் அப்படிக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்க, ஜவாஹிறா இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள். எனக்கெங்கே கேட்கும்? தனியாக இருக்கிற மனுசன் அல்லவா, நினைக்கக் கூடாததை நினைத்துவிட்டாள். காவலாளியைக் கூப்பிட, அவன் சிங்களத்தில் "மாத்தயா! மாத்தயா!" என்று கத்தி, கொண்டியை உடைத்து, இரண்டு பேரும் உள்ளே விழுந்தடித்து வந்து பார்த்தால் நான் கதிரையில் இருந்து தாளம் போடுகிறேன். வட்டிலப்பம் நிலத்தில். பாவம், அவள் அழுதேவிட்டாள். கதவை இன்னும் கயிற்றால்தான் கட்டி வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் பொறுப்பன். பொறுக்கேலாதது உன்ர போன். அப்பாவுக்கு வடிவாக் கேக்குதில்லை எண்டுதானே இதை வாங்கி அனுப்பினனீ? முந்திப் பழைய போனில நீ "கேக்குதோ அப்பா?" எண்டுவாய், நான் "கேக்கேல்லை பிள்ளை" எண்டுவன், நீ திரும்பச் சொல்லுவாய். சாப்பிட்டனீங்களோ எண்ட ஒரு கேள்வியே மூண்டு தரம் வரும். நேரம் போறது தெரியாது. இப்ப எல்லாம் முதல் தரமே விளங்குது. சாப்பிட்டனீங்களோ, ஓம். மருந்துக் குளிசை போட்டனீங்களோ, ஓம். சரியப்பா, வைக்கிறன். அவ்வளவுதான்! அதுக்கு மேலால, நீ என்னோட கதைச்சுக்கொண்டே கொம்பியூட்டரில தட்டுறது ஒவ்வொரு எழுத்தாக் கேக்குது. "இன்னும் முடியேல்லையோ?" எண்டு பிரசாந் குசுகுசுக்கிறதும் கேக்குது. அவரில பிழை இல்லை, வேலைக்குப் போற மனுசன். ஆனா இவ்வளவு தெளிவு எனக்கு வேண்டாம் பிள்ளை. எனக்குத் தனிமையாக் கிடக்குது. அதைப் போனில சொல்ல வாய் வரேல்லை, வாறதுக்கிடையில நீ வைச்சுப்போடுவாய். எனக்குப் பழைய போனே போதும். இரைச்சலோட கதைப்பம்.

மருமகனுக்கு என் அன்பு. பேத்தி சின்னவளுக்கு முத்தம். அங்கே குளிராம், தலை தோய்ந்தால் வடிவாகத் துவட்டு. பிள்ளையார் உங்களுக்கு நோய்நொடி இல்லாத உடம்பையும், வேலை குறைந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா.

பி.கு.: கடிதத்தை ஒட்டுகிற நேரம் உன் போன் வந்தது. கடைசித் தரம்தானே என்று ஹெட்போனை மாட்டினேன். சாப்பாடு கேட்டாய், குளிசை கேட்டாய், சரியப்பா வைக்கிறன் என்றாய். ஆனால் வைக்கவில்லை, அமத்த மறந்துவிட்டாய். நானும் சொல்லவில்லை. நீ பைப்பைத் திறந்தாய். அரிசி கழுவினாய். கடுகு வெடித்தது, எண்ணெய் கூட, குறைக்க வேணும். சின்னவள் பள்ளிக்கூடத்தில் யாரோ விழுந்த கதையைச் சொல்ல, நீ சிரித்தாய். நீ சிரித்து நான் கேட்டுக் கனகாலம். சோறு வடிக்கும்வரை உன் குசினி மூலையில் ஒரு கதிரை போட்டு இருந்ததுபோல இருந்தது. ஆகையால் ஹெட்போன் வராது. பேர்னாட்டிடம் அந்த வடிவான பெட்டி மட்டும் வரும், உள்ளே மிளகாய்த்தூள். இதை வாசித்துவிட்டு இனிமேல் போனைக் கவனமாக அமத்தப் பழகிவிடாதே, பிள்ளை.