சிவப்பு நூல் கட்டிய சீசா

மூன்றாவது ஆணி இறங்குவதற்குள் ஸைனம்பு தறியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஆரைக் கேட்டு என்ட கதவுல ஆணி அடிக்கிறீங்க?"

சுத்தியலும் கையுமாக நின்ற பியோன் அருமைநாயகம் பின்னால் திரும்பிப் பார்த்தான். சைக்கிளில் சாய்ந்து நின்ற சுகாதார இன்ஸ்பெக்டர் பதியுதீன் முதலில் கனைத்தார். இரண்டு மாதமாக அவர் கனைக்காமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. பதவி உயர்ந்ததும் அப்போதுதான். உத்தியோகம் ஏறினால் குரலும் கனக்கும்தானே என்று காத்தான்குடி மரியாதையாக ஒதுங்கி நின்றது.

"க்கும். உன்ட மகளுக்குக் குக்கல். ஆறு கிழமைக்கு, நாப்பத்திரண்டு நாளைக்கு, இந்த வீட்டால ஆளும் போகேலாது, துணியும் போகேலாது."

பலகையில் 'குக்கல் வீடு. உள்ளே வராதே' என்று எழுதியிருந்தது. அந்தத் தெருவில் அது நாலாவது பலகை.

உள்ளே அவள் நெய்த நாற்பது சாறன்கள், இடுப்பில் உடுத்தும் துணிகள், மடித்துக் கிடந்தன. 1939ஆம் ஆண்டு மாசி மாதம் அது. கரடியனாற்று வட்டை வயல்களில் அறுவடை தொடங்கிவிட்டது. சாறனைக் கொடுத்து நெல் வாங்குவது அந்தச் சில கிழமைகளில்தான். தவறினால் அடுத்த அறுவடைவரை அடுப்பு எரியாது.

"குக்கலெண்டா புள்ள இருமி இருமிச் சேவல்போல கூவி மூச்சிழுக்கும். என்ட ஹிதாயா ஒருநாளும் கூவல்ல. தறிப் பஞ்சு தொண்டையில பட்ட இருமல் இது. இஞ்ச பாருங்க, இருமலுக்கு ஒரு முடிச்சு. மூணு கிழமையா ஒரு நாளும் ஒம்பதுக்கு மேல போகல்ல."

அவள் வெள்ளை நூல் ஒன்றை நீட்டினாள். நீட்டிய பிறகு வழக்கம்போல் சந்தேகம் வந்தது. இன்றைய முடிச்சுகளை எண்ணினாள். பதினொன்று! திடுக்கிட்டு மறுபடி எண்ணியபோதுதான் விளங்கியது. இன்ஸ்பெக்டர் கனைத்ததற்கும் கை தன் பாட்டில் இரண்டு முடிச்சுப் போட்டிருக்கிறது. அவசரமாக அவிழ்த்தாள்.

"க்கும்! முடிச்ச அவிழ்க்கிறாள், கண்ணால கண்டன். கள்ளக் கணக்கு! அருமைநாயகம், தறியிலயும் ஒண்டு அடி."

ஐந்தாவது பலகையும் ஏறியது.

"சும்மா இரிகா. ஆறு கிழமைதானே," என்றான் கணவன் உசனார்.

"நெல்லு ஆறு கிழமை வயலில நிக்குமா? எழும்புங்க, ஆசுபத்திரிக்கு."

"வெளிய போகக்கூடாதே?"

"பலகைய வாசிங்க. 'வராதே' எண்டுதான் இரிக்கி. 'போகாதே' எண்டு எழுதல்ல."

மட்டக்களப்பு பஸ்ஸில் ஹிதாயா ஒரே ஒரு தரம் இருமினாள். அடுத்த நிறுத்தத்தில் பஸ் முழுவதும் இறங்கிக்கொண்டது. சாரதி மட்டும் இறங்க வழியில்லாமல் ஓட்டினான்.

டொக்டர் நூலைப் பார்த்துச் சிரித்தார். "நூல் சொன்னாக் காணாது, ரத்தம் சொல்லவேணும். குக்கல் வந்த உடம்பில அதை எதிர்க்கிற சத்து மூணு நாலு கிழமையில ரத்தத்தில ஊறிவிடும். ரெயிலில கொழும்புக்கு அனுப்பினால் பரிசோதிச்சுச் சொல்லுவாங்க. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒராளின்ட ரத்தமும் வேணும்."

உசனார் சட்டைக் கையை மடித்தான். ஊசியைக் கண்டான். மருந்து அலுமாரியோடு சேர்ந்து விழுந்தான்.

அந்த நேரம் பார்த்து, வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிள் மிதித்து வந்த பதியுதீன் உள்ளே நுழைந்தார். "பலகை அடிச்ச வீட்டு ஆக்கள் பஸ்ஸில வந்திரிக்காங்க டொக்டர்!"

"நல்ல நேரத்தில வந்தீங்க," என்றாள் ஸைனம்பு. "என்ட மகளின்ட ரத்தத்தோட ஒப்பிட ஒரு சுகதேகியின்ட ரத்தம் வேணுமாம். உங்களுக்குப் பயமெண்டா வேற ஆளப் பாப்பம்."

"க்கும். பயமா? எடுங்க டொக்டர். இந்த ஊரிலயே சுத்தமான ரத்தம் இதுதான்."

சீசாக்கள் மாறிவிடக்கூடாது என்று மகளின் சீசாவில் வெள்ளை நூலும் இன்ஸ்பெக்டரின் சீசாவில் சிவப்பு நூலும் ஸைனம்புவே கட்டினாள். முடிச்சுகளை மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள்.

இரத்தம் கொழும்புக்குப் போன செய்தி அவளுக்கு முன்னே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வழமையாகச் சாறன் ஏற்றும் வண்டிக்காரன் கோணாமலை படலைக்கு வெளியே நின்றே சொன்னான்: "கொழும்பு வரைக்கும் போற நோய் வருத்தமெண்டா என்ட மாடு தாங்காது தங்கச்சி."

"பலகையக் கழட்டினா வருவீங்களா?"

"ஆரு கழட்டுறது?"

"அடிச்சவங்கதான். அதுவும் தெருவே பாத்திருக்க."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து நூலை ஒரு நாளைக்கு நாலு தரம் எண்ணினாள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஹிதாயா இருமுவதையே மறந்துவிட்டாள். அதற்குள் தெருவில் இன்னும் மூன்று பலகைகள் ஏறியிருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் இன்ஸ்பெக்டர் பாயில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

பன்னிரண்டாம் நாள் கொழும்பிலிருந்து காகிதம் வந்தது. பதியுதீன் தெருவைக் கூட்டி, ஸைனம்புவின் வாசலில் நின்று, இங்கிலீஷைத் தமிழாக்கி உரத்து வாசித்தார்.

"வெள்ளை நூல் சீசா. குக்கலின் அடையாளம் எதுவும் இல்லை."

தெரு ஆரவாரித்தது. கோணாமலை மாட்டை அவிழ்க்க ஓடினான்.

"க்கும். பொறுங்க, முடியல்ல. சிவப்பு நூல் சீசா. அண்மையில் குக்கல் கண்ட உடம்பு. அடையாளம் மிக அதிகம். இவர் போய்வந்த வீடுகளை உடனே..."

காகிதம் தாழ்ந்தது. இன்ஸ்பெக்டர் கனைக்க முயன்றார். கனைப்பு இருமலாயிற்று. இருமல் நிற்காமல் நீண்டு, முடிவில் சேவல்போல் ஒரு கூவலாய் எழுந்தது.

ஸைனம்பு மடியில் மிஞ்சியிருந்த சிவப்பு நூலை எடுத்து, நிதானமாக ஒரு முடிச்சுப் போட்டாள்.

அருமைநாயகம் அவள் கதவிலிருந்த பலகையைப் பெயர்த்து, ஆணிகளைத் தட்டி நிமிர்த்திக்கொண்டு பணிவாகக் கேட்டான்:

"ஐயா, இத உங்கட வீட்டில அடிக்கவா, சைக்கிளில அடிக்கவா?"