தட்டினால் திறக்காத ஸ்பானிஷ்காரம்மா

செத்தவர்களோடு ஸ்பானிஷ்காரம்மா அளவுக்குச் சத்தமாகச் சண்டை போட்ட ஆள் இந்தப் பூமியில் இருக்க முடியாது. உயிரோடு இருப்பவர்களிடம் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. அதற்கு அவருக்கு நேரமும் இல்லை.

மலைச்சரிவு விவசாயம் படிக்க ஒரு வருடம் மெக்சிகோ போயிருந்தேன். வில்பட்டியில் பூண்டுப் பாத்திகளுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு அங்கே கிடைத்ததும் ஒரு மலையூர்தான். மதியம் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கி எதிர்வீட்டை விழுங்கிவிடும். தங்குவதற்குக் கல்லூரியே ஒரு வீடு பார்த்துக் கொடுத்தது. "குடும்பத்தில் கணவன், மனைவி இருவர்" என்று கடிதத்தில் இருந்தது. வீட்டுக்காரம்மாவின் நீளமான பெயர் என் அம்மாவின் வாயில் நுழையவில்லை. "ஸ்பானிஷ்காரம்மா" என்று வைத்துவிட்டார். அதுவே நிலைத்துவிட்டது.

நான் எதையும் நேரம் போட்டு நோட்டில் எழுதிவைக்கிறவன். முதல் நாள் குறிப்பு இது: "காலை 7.10. காப்பி மூன்று டம்ளர். ஆட்கள் இரண்டு."

"சார் வரலையா?" என்று கேட்டேன்.

"உன் எதிர்லதான் உட்கார்ந்திருக்கார். வணக்கம் சொல்லு."

எதிரே காலி நாற்காலி. அவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அதைக் கல்லூரிக்குத் தெரிவிக்கும் அளவுக்கு முக்கியமாக அந்த அம்மாவுக்குப் படவில்லை. வணக்கம் சொன்னேன்.

மாடிப்படியில் மூன்றாம் படியை மிதிக்கக் கூடாது. மாலை நேரத்தில் அவர் அங்கேதான் உட்காருவாராம். முதல் வாரம் சிரித்துக்கொண்டே தாண்டினேன். இரண்டாம் வாரம் சிரிக்காமல் தாண்டினேன். ஒரு மாதம் கழித்து, "கொஞ்சம் வழி விடுங்க" என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

காப்பி விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த டம்ளரில் பென்சிலால் கோடு போட்டேன். மதியத்துக்குள் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. ஆவியாகியிருக்கும். மறுநாள் பக்கத்தில் என் காப்பியையும் அதே அளவு ஊற்றி வைத்தேன். என்னுடையது அப்படியே இருந்தது. அவருடையது குறைந்திருந்தது. சாயங்காலம் ஸ்பானிஷ்காரம்மா தோசை மாதிரியான சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே கேட்டார்: "ஏன் தம்பி அவர் டம்ளரை அளக்கறே? சங்கடப்படறாரு."

என்னிடம் மட்டும் அந்த அம்மா அளவுக்கு மீறிய மரியாதை காட்டினார். தனக்கு இரண்டு ரொட்டி என்றால் எனக்கு நான்கு. தெருவில் என்னைக் கண்டால் பெண்கள் பேச்சை நிறுத்தி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். காரணம் அக்டோபர் கடைசி நாளன்று தெரிந்தது.

அங்கே நவம்பர் முதலிரண்டு நாட்களில் இறந்தவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். பலகையில் அவர்கள் படங்களை வைத்து, செண்டுப்பூ மாலை சார்த்தி, மெழுகுவத்தி ஏற்றி, நம் சாம்பிராணி போலவே ஒரு புகை போடுவார்கள். வழி தவறாமலிருக்க, தெருமுனையிலிருந்து பலகை வரை செண்டுப்பூ இதழைப் பாதையாகத் தூவுவார்கள். அன்று காலை எட்டு மணிக்கு அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, அலங்காரத்தைக் காட்டலாம் என்று கைப்பேசியைத் திருப்பினேன்.

நடுவில் என் அம்மாவின் படம். கழுத்து நிறைய மாலை. இரண்டு பக்கமும் மெழுகுவத்தி.

வில்பட்டியில் அம்மா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"ஏலே. நான் செத்துப் போயிட்டேன்னா சொல்லிவச்சிருக்க?"

நடந்தது இதுதான். அம்மாவின் படத்தை மேசையில் வைத்து, அதன் முன்னால் அம்மா கொடுத்துவிட்ட பழனித் திருநீற்றுப் பொட்டலத்தை வைத்திருந்தேன். காலையில் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கொண்டு கல்லூரிக்குப் போவேன். ஸ்பானிஷ்காரம்மா கதவிடுக்கில் பார்த்திருக்கிறார். படம், அதன் முன்னால் சாம்பல். இந்தப் பையன் தினமும் தன் தாயை நெற்றியில் பூசிக்கொண்டு போகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அன்று நான் குளிக்கப் போன நேரத்தில் படத்தையும் எடுத்துப்போய்ப் பலகையில் வைத்துவிட்டார்.

சிரிக்க முடியவில்லை. அம்மாவுக்கு வயிற்றில் ஒரு கட்டி. நவம்பர் இரண்டாம் தேதி மதியத்துக்கு மேல் மதுரையில் ஆபரேஷன். இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"படத்துக்கு மாலை போட்டாச்சு. இனிமே எவன் வந்து கூப்பிட்டாலும் ஆசுபத்திரிக்கு வரமாட்டேன். செத்தா என் வீட்டுலயே கெடக்குறேன்."

"அம்மா, அந்தம்மா தெரியாம..."

"பேசாதலே. போன வை."

விஷயத்தைக் கேட்டதும் ஸ்பானிஷ்காரம்மாவின் முகம் வெளுத்தது. படத்தை எடுத்து மாலையைக் கழற்றினார். "உயிரோட இருக்கறவங்களைக் கூப்பிட்டுட்டேனே," என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதான் படத்தை எடுத்துட்டீங்களே?"

"கூப்பிட்டது கூப்பிட்டதுதான். வந்துடுவாங்க."

"அப்போ பூவையெல்லாம் கூட்டிடலாமா?"

"பாதியில அழிச்சா வழி தெரியாம அலைவாங்க. வரட்டும். வந்து, திரும்பிப் போகட்டும்."

பிறகு என் கைப்பேசியைப் பிடுங்கி, திரும்ப அழைக்கச் சொல்லி, அம்மாவைப் பார்த்து ஸ்பானிஷில் ஒரு பிடி பிடித்தார். முதல் தடவையாக உயிரோடு இருக்கும் ஒருவரிடம் அவர் கத்தினார்.

"என்னலே சொல்றா?"

"நீங்க இங்க வந்தா கதவைத் தொறக்க மாட்டாங்களாம். தண்ணிகூடத் தரமாட்டாங்களாம்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீடு தேடி வந்தவளுக்குத் தண்ணி தரமாட்டாளா? என்ன பொம்பளலே இவ!" பிறகு மெல்லச் சிரிப்பு வந்தது. "அங்கயும் எடமில்லைன்னா என்ன செய்ய? வெள்ளனே மதுரைக்குக் கெளம்புறேன், போ."

இரண்டாம் தேதி காலை ஐந்தரைக்கு நான் எழுந்தபோது ஸ்பானிஷ்காரம்மா ஏற்கெனவே வாசல் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் துடைப்பம். மூன்றாம் படியைப் பார்த்து, "நீங்க பேசாம இருங்க. உபசாரம் பண்றேன்னு கூட்டிவந்துடாதீங்க," என்று அதட்டினார்.

விடிந்தது. தெருவில் பனி. கதவின் அடியிடுக்கில் வெளுப்பாக வெளிச்சம் கிடந்தது.

மூன்று முறை தட்டும் சத்தம். மெதுவாக, விருந்துக்கு வந்தவர் தட்டுகிற மாதிரி.

நான் கதவை நோக்கி நகர்ந்தேன். துடைப்பம் என் முழங்காலில் விழுந்தது. அடியிடுக்கைப் பார்த்தேன். வெளிச்சம் அப்படியே இருந்தது. கால் நிழல் எதுவும் இல்லை.

ஸ்பானிஷ்காரம்மா எழுந்து கதவோடு வாயை வைத்துக் கத்தினார். "இங்க உனக்கு எதுவும் இல்லை! ரொட்டி இல்லை, காப்பி இல்லை, நாற்காலி இல்லை! பிள்ளை இன்னும் படிச்சு முடிக்கலை! வீட்டுக்குப் போ!" குரல் உடைந்தது. மறுபடி கத்தினார். பிறகு காதை வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"போயிட்டாங்க," என்றார். கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

என் குறிப்பு: "6.50. மூன்று தட்டு. ஆள் தெரியவில்லை." பிறகு பால்காரரை விசாரித்தேன், பக்கத்து வீடுகளிலும் கேட்டேன். யாரும் வந்திருக்கவில்லை.

எனக்குக் காலை பத்து மணி இருக்கும்போது மதுரையிலிருந்து அக்கா பேசினாள். "நல்லபடியா முடிஞ்சதுடா. நடுவுலதான் சாயங்காலம் ஆறேகால், ஆறரை வாக்குல துடிப்பு விழுந்துபோச்சாம். டாக்டரே ஆடிப்போயிட்டாரு. அப்புறம் தானா ஏறிருச்சு."

மதுரையில் மாலை ஆறு இருபது என்றால் மெக்சிகோவில் காலை ஆறு ஐம்பது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நோட்டை மூடினேன்.

படிப்பு முடிந்து வில்பட்டிக்கு வந்தபோது இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஒரு பகலில், பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த அம்மா தானாகச் சொன்னார்.

"மயக்கத்துல ஒரு ஊருக்குப் போனேன்லே. ஒரே பனி. தரையெல்லாம் செண்டுப்பூ. ஒரு வீட்டுக் கதவைத் தட்டுனா, உள்ளருந்து ஒருத்தி என்னா ஏச்சு ஏசுனாங்கிற! ஒரு எழவும் புரியல. வீட்டுக்குப் போங்கிறான்னு மட்டும் வெளங்குச்சு. சரி, நமக்கும் சோலி கெடக்கேன்னு திரும்பிட்டேன்."

அம்மா இரண்டு பூண்டைத் தட்டில் போட்டார்.

"பாஸ்போட்டு எடுக்க எங்கலே போகணும்? நேராப் போயித் தட்டுறேன். இந்தத் தடவை எப்படித் தொறக்காம இருக்கான்னு பாக்குறேன்."

அன்றே ஸ்பானிஷ்காரம்மாவுக்கு எழுதினேன். மறுநாள் காலை ஒற்றை வரியில் பதில் வந்திருந்தது:

"சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும், தட்டவே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்."