ஆழ்ந்த கவலை

"பக்கத்து நாடுதான் கலகக்காரர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தது என்று ஒரு நாடு சொல்கிறது. ஆதாரம் இல்லை. நீங்கள் என்ன செய்வீர்கள் சார்?" என்று பூமிநாதன் ஒருமுறை கேட்டான்.

"நம்ப மாட்டோம்," என்றார் மேஜர் மென்சா. "நம்பவில்லை என்றும் சொல்ல மாட்டோம். ஆழ்ந்த கவலை தெரிவிப்போம். எதையும் தொடாதீர்கள் என்போம். எந்தப் பக்கமும் சேராத ஆட்களை விசாரிக்க அனுப்புவோம். அவர்கள் திரும்பி வருவதற்குள் இரண்டு நாடுகளும் களைத்துவிடும்."

"உண்மை தெரியாமலே போய்விட்டால்?"

"சண்டை நின்றால் போதாதா? ஒன்று மட்டும் ஞாபகம் வை. தலைமையில் இருப்பவன் எந்தத் தரப்பின் வீட்டுக்கும் தானாகப் போகக் கூடாது."

இந்திய ராணுவத்திலிருந்து போய், சியரா லியோனில் ஐ.நா. அமைதிப் படைக்குப் பூமிநாதன் ஜீப் ஓட்டிய நாட்களில் நடந்த பேச்சு அது. மேஜர், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பிலிருந்து வந்திருந்த கானாக்காரர்.

பென்ஷனோடு ஊர் திரும்பிய பூமிநாதனை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் ஒரு கண்மாய்ப் பாசனச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். நாடுகளுக்கு நடுவில் நின்றவன், கண்மாய்த் தண்ணீரைப் பங்கிடும் மேலக்குடிக்கும் கீழக்குடிக்கும் நடுவில் நிற்க மாட்டானா என்று பேச்சு.

2006 கார்த்திகையில் ஒரு காலை, மேலக்குடித் தலைவர் வீரபத்திரன் சங்கக் கட்டிடத்துக்குள் துண்டை உதறிக்கொண்டு நுழைந்தார்.

"ஏலே பூமிநாதா, தண்ணி முறை வாரதுக்கு முன்னாடியே கீழக்குடிப் பயலுக மடையத் தெறந்துட்டானுக."

"பாத்தீகளா மாமா?"

"தண்ணி அவனுக பக்கம் ஓடுது. வேற என்னத்தப் பாக்கணும்?"

வீரபத்திரனின் மகள் சேதுலட்சுமி மங்கலத்தில் தையற்கடை வைத்திருந்தாள். இரண்டு வருஷமாக அவள் போகும் டவுன் பஸ்ஸில்தான் பூமிநாதனும் போனான். பெண் கேட்டுவிட வேண்டும் என்று தினமும் ஏறுவான். "மழை வரும்போல இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்குவான். இப்போது புகார் பொய் என்றால் மாமனார் போய்விடுவார். மெய் என்றால் கீழக்குடி பதவியைப் பறித்துவிடும், பதவி இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்?

மேஜர் ஞாபகத்துக்கு வந்தார்.

மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் பூமிநாதனே பேசினான். "மேலக்குடி வீரபத்திரன் அவர்கள் விஷயமாகச் சங்கம் தனது ஆழ்ந்த கவலையை..."

திருவிழா இல்லாத நாளில் அந்தக் குழாய் பாடினால் சாவுச் செய்திதான். வீரபத்திரன் பேரும் "ஆழ்ந்த" என்ற சொல்லும் வந்ததுமே ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள், மிச்சத்தைக் கேட்க நேரமில்லை. மாலையோடு வந்த கூட்டத்துக்கு வீரபத்திரனே கதவைத் திறந்தார்.

"யாருப்பா செத்தது?"

"நீங்கதான் மாமா," என்றான் முன்னால் நின்றவன், மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

மறுநாள் பூமிநாதன் மடையைச் சுற்றிக் கயிறு கட்டினான். "விசாரணை முடியிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. இருந்தது இருந்தபடி இருக்கட்டும்."

கீழக்குடித் தலைவர் பொன்னுச்சாமி தலையைச் சொறிந்தார். "மாப்ள, மடை தெறந்துல்ல இருக்கு? தண்ணி ஓடுதே."

"தெறந்தபடியே இருக்கட்டும்."

"நாங்க தெறக்கல. மடைப் பலகையத் திருகித் தூக்குற சாவி ஒண்ணே ஒண்ணு. அது வீரபத்திரன் வீட்டு ஆணியிலதான் தொங்குது."

"அது எதிர்க் குற்றச்சாட்டு. அதுக்கும் ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறேன்."

"குழாயில வேணாம்ப்பா," என்றார் பொன்னுச்சாமி.

விசாரிக்க ஒரு ஆள் கமிட்டியாக முஹைதீனை அனுப்பினான். பாம்பனிலிருந்து மொபெட்டில் கருவாடு கொண்டுவரும் முஹைதீனுக்கு இரண்டு ஊரிலும் வாடிக்கை இருந்தது. ஒரு தரப்பில் எதைச் சாப்பிட்டாலும் மறு தரப்பிலும் அதே அளவு சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பாரபட்சம் என்று சொல்லி அனுப்பினான். மேலக்குடியில் மோர் கொடுத்தார்கள். கீழக்குடியில் மோரோடு பணியாரமும் கொடுத்தார்கள். பணியாரத்தைச் சமன் செய்ய மேலக்குடிக்குத் திரும்பினால் அங்கே இலை போட்டிருந்தது.

சாயங்காலம் முஹைதீன் வேப்பமரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். கீழக்குடியில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று மேலக்குடி சொன்னது. மேலக்குடிச் சோறுதான் என்றது கீழக்குடி.

"என்ன தெரிஞ்சது பாய்?"

"மேலக்குடியில உப்புக் கூட." முஹைதீன் புரண்டு படுத்தார். "வீரபத்திரன் மக வாசல்லயே நிக்கிது தம்பி. செயலாளரு வரலையான்னு கேட்டுச்சு. நாந்தான் கமிட்டின்னேன். மொறச்ச மொறப்புல பாதி சோறு உள்ள எறங்கல."

அப்பா பக்கம் நிற்கவில்லை என்று அவளுக்குக் கோபம் என எண்ணிக்கொண்டான் பூமிநாதன். இந்த நேரத்தில் அந்த வீட்டு வாசலை மிதிக்கவே கூடாது என்று இன்னும் உறுதியானான். பஸ்ஸைக்கூட மாற்றிக்கொண்டான்.

திறந்த மடை ஓடிக்கொண்டே இருந்தது. கீழக்குடி நாற்றங்கால் முழுகி நாற்றெல்லாம் மிதந்தது. கண்மாயில் தண்ணீர் இறங்கியதைப் பார்த்து மேலக்குடி வயிற்றில் அடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை மடைக்கரையில் கூட்டுப் பேச்சுவார்த்தை என்று பூமிநாதன் அறிவித்தபோது இரண்டு ஊரும் முழுதாக வந்தன. வீரபத்திரனும் பொன்னுச்சாமியும் ஒரே வெற்றிலைப் பையில் கைவிட்டபடி பக்கத்தில் பக்கத்தில் நடந்து வந்தார்கள்.

மேஜர் சொன்னது பலித்துவிட்டது என்று பூமிநாதன் பூரித்தான்.

"மொதல்ல இவன யாரு அடிக்கிறது, நீங்களா நானா?" என்று வீரபத்திரன் பொன்னுச்சாமியைக் கேட்டார்.

"நீங்க மூத்தவக. நீங்களே ஆரம்பிங்க."

பூமிநாதன் கயிற்றுக்குள் ஒதுங்கினான். "மாமா, கூட்டறிக்கை தயாரா இருக்கு. இரு தரப்பும்..."

கூட்டம் விலகியது. சேதுலட்சுமி வந்துகொண்டிருந்தாள், தோளில் இரும்புச் சாவியோடு. கயிற்றை ஒரு கையால் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். சாவியை மாட்டித் திருகினாள். பலகை இறங்கியது, தண்ணீர் நின்றது.

"தொடக் கூடாதுன்னு..." என்று பூமிநாதன் முனகினான். இரண்டு வருஷமாகக் கேட்க நினைத்தது இப்போதும் வரவில்லை. "மழை வரும்போல இருக்கு," என்றான்.

சேதுலட்சுமி சாவியை அவன் காலடியில் போட்டாள்.

"மடையத் தெறந்தது நாந்தான், விசாரிக்க நீங்க வீட்டுக்கு வருவீகன்னு பாத்தா கருவாட்டுக்காரர அனுப்புறீக, இப்ப நானே கேக்குறேன், என்னையக் கட்டிக்கிறீகளா, இல்ல அதுக்கும் கமிட்டி வருமா?"