நத்தை ஆராய்ச்சிக்கு வந்த சம்பந்தம்

மாடம்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி லோகநாதனுக்கு அண்ணன் ஜெயவேலு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. ஆஸ்திரேலியாவில் நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். வேலையை எல்லாம் இங்கே தள்ளிவிட்டாயே.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா பெயரில் நீ தொடங்கிய குப்புராஜ் அறக்கட்டளையின் விதிப் புத்தகத்தை, தலைவர் என்று அதில் கையெழுத்துப் போட்ட நான், போன வாரம் வரை திறந்ததே இல்லை. ஆறாவதோடு நின்றவனைத் தலைவராக்கியது உன் குற்றம். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடு என்றாய், கொடுத்தேன். கூத்துக் கலைஞர்களுக்கு உடுப்பு எடுத்துக் கொடு என்றாய், நானே ஒன்றைப் போட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன். ஆராய்ச்சிக்கும் ஆளைத் தேர்ந்தெடு என்றாயே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கீழ்க்கட்டளையிலிருந்து வினிதா என்ற பெண் நேர்காணலுக்கு வந்தாள். நம் ஏரியில் சாக்கடை எவ்வளவு கலந்திருக்கிறது என்று நத்தைகளை வைத்தே கண்டுபிடிக்கப் போகிறாளாம். இந்த மாதத்துக்குள் நம் ஒப்புதல் கடிதம் காலேஜுக்குப் போனால்தான் உண்டு. இல்லாவிட்டால் வேறு யாரோ பாதியில் விட்ட ஆராய்ச்சியை இவள் தலையில் கட்டிவிடுவார்களாம். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணி காந்திமதி, அவளும் கமிட்டி உறுப்பினர் ஆயிற்றே, கேசரியும் பஜ்ஜியுமாக வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“நத்தைய கையாலயே புடிப்பியாம்மா?”

“புடிப்பேன் ஆன்ட்டி.”

“சமைக்கத் தெரியுமா?”

“நத்தையையா ஆன்ட்டி?”

இந்தப் பதிலிலேயே அண்ணி விழுந்துவிட்டாள். சிறுசேரியில் வேலை பார்க்கும் நம் குமரவேலுக்கு இவள்தான் என்று அந்த நிமிடமே முடிவு. சரி, நிதியைக் கொடுத்துவிட்டு அப்புறம் பேசலாம் என்றேன். விதிப் புத்தகத்தைப் பிரித்துப் பதினோராம் பக்கத்தைக் காட்டினாள்: சொந்தக்காரர்களுக்கு நிதி கிடையாது.

“மருமவளா வரப்போற பொண்ணுக்கு எப்பிடிங்க குடுக்கறது? ஊரு இன்னா பேசும்?”

“அடியேய், அந்தப் பொண்ணு இன்னும் சரின்னே சொல்லலியேடி!”

“கேட்டாத்தான சொல்லும்.”

போன் போட்டுக் கேட்டும் விட்டாள். மறுநாள் வினிதா நேரே வந்து நின்றாள். “அங்கிள், எனக்கு மாப்பிள்ளை வேணாம், நத்தை போதும்” என்றாள். கண் கலங்கியிருந்தது. குமரவேலோ செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், “நத்தைகிட்ட தோத்த மொத ஆளு நான்தாம்பா” என்கிறான். இந்த வீட்டில் நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

நேற்று பொறுமை போய்விட்டது. காந்திமதி கூடவே கூடாது என்று நிற்கும்போதே, தலைவர் என்ற அதிகாரத்தில் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்து ஒட்டிவிட்டேன். ஆச்சரியம், அவளே வாங்கிக்கொண்டு போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தாள். ஆக, வினிதாவின் ஆராய்ச்சி நிச்சயம். கல்யாணப் பேச்சு ஒழிந்தது. அடுத்த நேர்காணலுக்கு நீயே விமானம் ஏறி வந்து பஜ்ஜி சாப்பிடு. நான் தலைவர் பதவியிலிருந்து விலகுகிறேன்.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், என்னில் பாதித் தொல்லைகூடப் படாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அண்ணன் ஜெயவேலு

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. காலேஜிலிருந்து போன் வந்தது. காந்திமதி அன்று எடுத்துப்போனது இரண்டு கவராம், விலாசத்தை மாற்றி எழுதிவிட்டாளாம். ஒப்புதல் கடிதம் சேலையூர் ஜோசியருக்குப் போயிருக்கிறது. காலேஜுக்குப் போனது குமரவேலின் ஜாதகம். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, அறக்கட்டளை முத்திரை மட்டும் இல்லை, முத்திரையோடு இரண்டு நகல் வந்தால் வினிதா திங்கட்கிழமையே ஏரியில் இறங்கலாம் என்றார்கள். அந்த ஜாதகத்தையே இரண்டு நகல் எடுத்து, முத்திரை குத்தி, தலைவர் என்று கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன்.