மாமனார் வீட்டாருக்கு நான் ஆக்கிய மாட்டுக்கறி

எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதை என் மனைவி மட்டும் அறிந்திருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது கயத்தாறு வரைக்கும் தெரியும்.

கயத்தாறு என் மாமனார் ஊர். அப்போது ஷமீமா முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் முடிந்தால் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கம். அவளுக்கோ போக மனமில்லை. கோவில்பட்டியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். பரீட்சை முடியும்வரை என் பிள்ளைகளை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மாமி போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வயித்துப் புள்ளக்காரிக்கு அங்கன யாரு ஆக்கிப் போடுவா?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நான் இருக்கேன் மாமி. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மாமாவோட வாங்க. எங்கையால சாப்பிட்டுட்டு அப்புறம் சொல்லுங்க" என்றேன். (அதுவரை என் கையால் நான் ஆக்கியது வெந்நீர் மட்டும். அதுவும் ஹீட்டர் போட்டு.)

இந்தத் தைரியத்துக்குக் காரணம் மச்சான் சவுதியிலிருந்து கொண்டுவந்த ஸ்லோ குக்கர். கரண்டில் மாட்டிவிட்டால் மெல்ல மெல்லத் தானே வேகவைக்கும். கிண்ட வேண்டாம், விசில் எண்ண வேண்டாம். செல்போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடிவிட்டு நாயோடு உலாவப் போனார். திரும்பி வந்தபோது கறி கரண்டி பட்டாலே உதிர்ந்தது. அந்தப் பண்டத்துக்குப் பெயர் கேசரோலாம். (நம் வீடுகளில் அந்தப் பெயருள்ள டப்பாவில் இட்லிதான் இருக்கும்.)

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நல்ல கறியாகப் பார்த்து வாங்கி வந்தேன். ஷமீமா அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்று சட்டம் போட்டேன்.

"உப்பாவது பாக்கட்டா?"

"நீ பேசாம படு."

எல்லாவற்றையும் போட்டு, இஞ்சி பூண்டு விழுதும் மிளகுத்தூளும் என் இஷ்டத்துக்குச் சேர்த்து, மூடி, சுவிட்சைத் தட்டினேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன். அடுப்படிக்கு எத்தனை ப்ளக் பாயின்ட் வேண்டும் என்று ஊருக்கெல்லாம் யோசனை சொல்பவன். என் வீட்டு அடுப்படியில் இருந்தது ஒன்றே ஒன்று.

கறி வாசம் லேசாகக் கிளம்பிய நேரம், தெருவில் ஒரு குரல் கேட்டது.

"ஏட்டி, தண்ணி வந்துட்டு!"

கோவில்பட்டிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் இங்கே யாரும் யோசிப்பதில்லை, ஓடுவோம். முகத்துச் சோப்பைக் கழுவாமல் ஓடி வந்தவர்களை எனக்குத் தெரியும். ஷமீமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குடத்தோடு எழுந்துவிட்டாள். குடத்தைப் பிடுங்கி அவளை உட்கார வைத்தேன். அடுப்படிக்குப் பாய்ந்து ஸ்லோ குக்கரின் ப்ளக்கை உருவினேன், தண்ணீர் மோட்டாரின் ப்ளக்கைச் செருகினேன். மாடித் தொட்டி, அண்டா, குடங்கள், வாளி, கடைசியில் அவளுடைய டிபன் பாக்ஸ் வரை நிரப்பினேன். பிறகு திருப்தியாகக் குளித்து, அத்தர் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டேன்.

தொழுகை முடிந்து மாமாவோடு நடந்து வரும் வழியெல்லாம், "கரண்டி பட்டாலே உதிரும் மாமா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாவம், அவரும் நம்பினார்.

வீட்டில் மாமி உட்கார்ந்திருந்தார். "அடுப்படியில ஒரு சத்தத்தையும் காணோமே மாப்பிள?"

"இது சத்தம் போடாது மாமி. புது மாடல்."

மூடியைத் திறந்தேன். ஆவி வரவில்லை. கறி காலையில் போட்டபோது இருந்த அதே முகத்தோடு என்னைப் பார்த்தது. மாமா ஒரு கிழங்கைக் கரண்டியால் அழுத்தினார். அது வழுக்கி, தட்டைத் தாண்டி உருண்டு போனது.

மாமி வயரைப் பிடித்துக்கொண்டே போய் அதன் முனையைக் கையில் எடுத்தார். "கரண்டு இல்லாமலே வேவுமோ மாப்பிள?"

ஷமீமாவின் கண் கலங்கிவிட்டது. இனி அவள் பெட்டி கட்ட வேண்டியதுதான். அவள் ஆசையை என் வாய்ச்சவடால் கெடுத்துவிட்டது. மாமி சட்டியை மோந்து பார்த்து, "இந்த வெயிலுக்கு இது ஆவாது, கொட்டுங்க" என்றார். முட்டையை உடைத்து ஊற்றிக் குழம்பு வைக்கலாம் என்று கை கழுவப் போனவர், அண்டாவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இம்புட்டுத் தண்ணியும் யாரு பிடிச்சா? நீயாட்டி?"

"என்னைய எங்க பிடிக்க விட்டாவ? குடத்தப் பிடுங்கிட்டு உக்காரச் சொல்லிட்டாவ. அவியதான் ஓடி ஓடிப் பிடிச்சாவ. அதுலதான் கறிய மறந்துட்டாவ."

மாமி கையைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். எல்லோரும் முட்டைக் குழம்பு சாப்பிட்டு முடித்த பிறகுதான் மாமாவிடம் சொன்னார்: "நீங்க மட்டும் பஸ் ஏறுங்க. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். மாப்பிளய நம்பிப் புள்ளைய விடலாம். அடுப்படிய விட முடியாது."

பரீட்சை முடியும்வரை ஷமீமா வகுப்புக்குப் போனாள். மகள் கோவில்பட்டியிலேயே பிறந்தாள். அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சொந்தக்காரர்கள் யாராவது, "தலைப்பிள்ள நீ, கயத்தாறுல பொறக்காம இங்கன ஏம்மா பொறந்த?" என்று கேட்டுவிட்டால் போதும், எங்களை வாய் திறக்க விடமாட்டாள்.

"எங்க வாப்பா ஆக்குன கறி வேவல. அதான்."